எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?

கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த பச்சைத் துண்டை வைத்து அடையாளம் தெரிந்தது. காலையில் நூலகத்தில் என் மேசைக்கு வந்தவர். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். தென்னையைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் ஓடிப்போய், இருப்பதிலேயே தடியான ஒன்றை எடுத்துவந்து, பூச்சிகளைப் பற்றிய அத்தியாயத்தைப் பிரித்தே வைத்தேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு எழுந்து வந்து, "கிடைச்சிருச்சு தாயி, நல்லா இரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைய கணக்கில் அது தீர்ந்த கேள்வி.

இப்போது அவர் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, படிக்கிற பிள்ளையா இருக்க, அதான் கேக்கேன். தென்னங்குருத்தை வண்டு குடைஞ்சு போட்டுருது. அதுக்கு என்ன செய்யணும்?"

"இங்கன பக்கத்துலதான லைப்ரரி இருக்கு. அங்க கேளுங்கய்யா."

"அங்க இருந்துதான் வாரேன். அந்தப் பிள்ளை அம்புட்டு ஆசையா எடுத்துக் குடுத்துச்சு. எல்லாம் இங்கிலீசு. எனக்குத் தமிழ்தான் படிக்க வரும்னு சொன்னா அது மூஞ்சி வாடிப் போகும்ல."

நான் முன்னால் போய் நிற்பதற்குள் பஸ் வந்து, அவர் ஏறிவிட்டார். என் பஸ் வந்தது, நான் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. மாதாமாதம் நாங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது எத்தனை கேள்வி வந்தது என்ற எண்ணிக்கை. வந்தவர்களில் எத்தனை பேர் விடையோடு போனார்கள் என்று யாருக்காவது தெரியுமா? மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அவர்கள் வெளியே போன பிறகுதான் உண்மை ஆரம்பிக்கிறது.

இதெல்லாம் எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இப்போது இதை எழுதவேண்டி வந்ததற்கு ஷர்மிளா காரணம். நான் ஓய்வு பெற்ற நூலகத்தில் இன்று ரெபரன்ஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண். போன மாதம் அங்கே போயிருந்தேன். வாசலருகே புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், முறைக்கிற முகம் என்று மூன்று பொத்தான். போகிறவர்கள் ஒன்றை அமுக்கிவிட்டுப் போகவேண்டும். "எல்லாருமே சிரிக்கிறதைத்தான் அமுக்குறாங்கம்மா. நம்பவே முடியல. உங்க காலத்துல எப்படி அளந்தீங்க?" என்று கேட்டாள். சொல்லச் சொல்ல அவள் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது என்ன கேள்வி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் படித்த படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். நூலகப் படிப்பு முடித்த கையோடு வேலை கிடைத்தது. பகுப்பு எண், பட்டியல் அட்டை எல்லாம் விரல் நுனியில் இருந்தன. உலகத்தில் எந்தக் கேள்விக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணுக்கு ஓர் அலமாரி உண்டு என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

எனக்கு மேலே துரைசாமி சார். ஒல்லியானவர். சட்டைக் கையை மடிக்கவே மாட்டார், சித்திரை வெயிலிலும். யாராவது கேள்வியோடு வந்தால் எழுந்து நின்றுவிடுவார். அவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். முடித்த பிறகும் சும்மா நிற்பார். அந்த மௌனம் தாங்காமல் வந்தவர் இன்னொரு வாக்கியம் சொல்வார். பெரும்பாலும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும். அலமாரியைக் கையால் காட்டமாட்டார்; கூடவே நடந்துபோவார். விடை ஒரே இடத்தில் கிடைத்தால் அது விடையே இல்லை, இன்னொரு இடத்திலும் அதையே பார்க்கவேண்டும். பிறகுதான் கேள்விச் சீட்டில் எழுதலாம்: கேள்வி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்.

எனக்கு அவருடைய நிதானம் ஆகாது. அவர் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் நான் மூன்று புத்தகத்தை எடுத்து வந்து வைத்துவிடுவேன். பக்கத்து மேசையில் இருந்த குப்புராம் அண்ணன், "பத்மா, மெதுவா. ஓடுற ஓட்டத்துல அலமாரி சாய்ஞ்சிரப் போவுது" என்பார். அவர்தான் நாளிதழ்களைப் பார்த்துக்கொள்பவர். அவரும் சௌராஷ்டிரக்காரர், எங்கள் ஆள்தான். ஆனால் ஆபீஸில் இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொள்வோம், சாருக்குப் புரியக்கூடாத விஷயம் வந்தால் தவிர.

பஸ் நிறுத்தத்தில் கேட்டதை மறுநாள் காலையில் சாரிடம் சொன்னேன். முதல் வேலையாகத் தமிழில் இருந்த ஒரு சிறு வெளியீட்டைத் தேடி எடுத்து, அந்தத் தென்னந்தோப்புக்காரர் மறுபடி வந்தால் கொடுக்கவேண்டும் என்று மேசை மேலேயே வைத்தார். பிறகு, "இப்ப என்ன செய்யலாங்கிறீங்க?" என்றார்.

கருத்துப் படிவம் வைப்போம் என்றேன். நானே தயாரித்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது, எல்லாவற்றிலும் 'மிக நன்று', 'மிக்க திருப்தி'. ஒருவர் மட்டும் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தார்.

குப்புராம் அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "மீனாட்சி கோயில்ல கூட இம்புட்டுத் திருப்தி கிடையாது பத்மா. அங்கயாவது செருப்பைக் காணோம்னு ரெண்டு பேரு திட்டுவாங்க."

சார் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவரு கொழம்புல உப்பு இல்லைன்னு சொல்லுவாரா? பேரு கேக்கலைன்னாலும், எழுதுறப்ப நீங்க எதிர்லதான உக்காந்திருக்கீங்க" என்றார்.

சரி, திருப்தியா என்று கேட்டால்தானே இந்தச் சங்கடம்? அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டால்? விடை கிடைத்தவர் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கடைக்கோ போவார். கிடைக்காதவர் வேறொருவரைக் கேட்கப் போவார். அன்றே ஆரம்பித்தேன். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்கருந்து எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அப்படியே நின்றார். குடையைக் கீழே வைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். "நல்ல காரியமாக் கெளம்புனேன். எங்க போறன்னு வாயை வச்சிட்டியே தாயி" என்றார். கால் மணி நேரம் உட்கார்ந்து, சகுனத்தைக் கழித்துவிட்டுத்தான் போனார். குப்புராம் அண்ணன் நாளிதழை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

எனக்கு விட மனசில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு வேளையில் வாசலில் நின்று பார்த்தேன். கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாதே தவிர, ரோட்டில் நிற்கிறவர்களை எந்த பஸ் என்று யாரும் கேட்கலாம். கேட்டால் சந்தோஷப்படுகிறார்கள். 'இப்பத்தான் ஒண்ணு போச்சு', 'அது அந்தப் பக்கம் நிக்கும்' என்று ஏதாவது ஒரு உதவி அதில் இருக்கிறது. மதுரையில் பஸ்ஸைச் சொன்னால் போகிற இடத்தைச் சொன்ன மாதிரிதான். மேலூர்க்காரர் மேலூர் பஸ்ஸுக்கு நின்றால் வேலை முடிந்தது. அவரே கலெக்டர் ஆபீஸ் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு நின்றால், எங்களிடம் கிடைக்காத ஒன்றை அங்கே கேட்கப் போகிறார்.

ஆக, வாசகரோடு வாசல்வரை நடப்பது, "எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்பது, திரும்பி வந்து சீட்டின் ஓரத்தில் 'வீடு' அல்லது 'வேறு' என்று ஒரு சொல் எழுதுவது. இவ்வளவுதான் என் திட்டம்.

சாருக்கு இது பிடிக்கவே இல்லை. "இது வேவு பாக்குறதும்மா" என்றார்.

"தென்னந்தோப்புக்காரரைப் பத்தித் தெரிஞ்சதும் நான் ஒட்டுக்கேட்டதாலதான சார்?"

வழக்கம்போலச் சும்மா நின்றார். நானும் சும்மா நின்றேன். இந்தத் தடவை அவர்தான் இரண்டாவது வாக்கியம் சொன்னார். "சரி. ஆனா பேரு எழுதக் கூடாது. வெளிய போன ஆள் பின்னாடி நாம போகக் கூடாது. அவங்க கேள்வி அவங்களோடது. திரும்பி வந்தாங்கன்னா பேசலாம், வரலைன்னா விட்டுரணும்."

ஒப்புக்கொண்டேன். சில வாரங்களில் சீட்டுகளைப் பிரித்து வைத்துப் பார்த்தபோது எங்கள் லட்சணம் தெரிந்தது. 'வேறு' என்ற அடுக்கு நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. ஆங்கிலப் புத்தகம் கொடுத்த இடமெல்லாம் வேறு. வேகமாகக் கொடுத்த இடமெல்லாம் வேறு. நான் கையாண்டவைதான் அதில் அதிகம். சார் அதைப் பார்த்தார். அடுத்த மாதம் தமிழ் வெளியீடுகளுக்கென்று தனியாக ஓர் அலமாரி வந்தது. நானும் பேசி முடித்த வாசகர் முன்னால் கொஞ்சம் நிற்கப் பழகினேன். 'வீடு' அடுக்கு உயர ஆரம்பித்தது. என் அளவுகோல் சரியானது என்று தலைகால் புரியாமல் இருந்த சமயத்தில்தான் செல்வராணி வந்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் செல்வராணி இல்லை. கூட வந்தவன் பெயர் முருகேசனும் இல்லை. ஊர் விளாங்குடிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முருகேசன்தான் மேசைக்கு வந்தான். இருபது வயதிருக்கும். தோட்ட வேலையில் காய்த்துப்போன கைகள், எண்ணெய் போட்டு வாரிய தலை. அவனுக்கு இரண்டடி பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"டீச்சர், பழைய பதினோராங் கிளாசுக் கணக்குப் பொஸ்தகம் இருக்கா?" நூலகத்தில் இருக்கும் பெண்களையெல்லாம் அந்தப் பக்கத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க மதினி கேட்டாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணுமாம்."

பள்ளிப் பாடப்புத்தகங்களின் பழைய தொகுப்பு எங்களிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கி அவளிடம் நீட்டினான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளில் கணக்குகளை எழுதிக்கொண்டாள். அவன் சினிமா விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொண்டுவந்த தாள் தீர்ந்ததும், "கிடைச்சிருச்சு டீச்சர்" என்றான். வாசல்வரை நடந்து, "எந்த பஸ் தம்பி?" என்று கேட்டேன்.

"விளாங்குடி பஸ்தான், வீட்டுக்குத்தான்."

அப்போது அவள் என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "தல்லாகுளம் கல்வி ஆபீசுக்கு எப்படிக்கா போகணும்?"

"அங்க எதுக்கு மதினி?" என்றான் அவன்.

"சும்மாதான் கேட்டேன்."

இரண்டு பேரும் விளாங்குடி பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது? கேட்டவன் வீட்டுக்குப் போகிறான். அவன் கணக்கில் திருப்தி. கேட்கச் சொன்னவளுக்கு வேறெங்கோ போகவேண்டியிருக்கிறது. இத்தனை வாரமும் நான் யாரை அளந்துகொண்டிருந்தேன்? அண்ணன் கேட்டது தங்கைக்காக இருக்கலாம், புருஷன் கேட்டது பெண்டாட்டிக்காக இருக்கலாம். எங்கள் மேசைக்கு வரும் கேள்விகளில் பலவும் ஒருவருக்காக இன்னொருவர் தூக்கிக்கொண்டு வந்தவை. நான் தூக்கிவந்தவர்களிடமே பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. பதினோராம் வகுப்போடு முடிகிற பழைய திட்டம் போய், பத்தாம் வகுப்போடு பரீட்சை வைக்கிற புதுத் திட்டம் வந்துவிட்ட சமயம் அது. இப்போது பள்ளிக்குப் போகிற எந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பழைய புத்தகம் உதவாது. அது உதவக்கூடிய ஆள் ஒரே வகை: பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்கள். அதோடு தல்லாகுளத்தையும் சேர்த்துப் பார்த்தேன்.

"விளாங்குடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துரட்டுமா சார்?" என்றேன்.

"போகவே கூடாது." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "நீங்க போயி வாசல்ல நின்னு, உங்க மருமக லைப்ரரில என்ன கேட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சா, அந்தப் பிள்ளை கதி என்ன ஆகும்? பதில் தெரிஞ்சாகணும்னு உங்களுக்கு அவசரம். அந்தப் பிள்ளைக்கு என்ன அவசரம்னு நமக்குத் தெரியாது."

"வரலைன்னா?"

"கணக்கு முழுசும் எழுதி முடிக்கலையே. வரும். வர்றப்ப குடுக்கப் பதில் இருக்கான்னு பாருங்க."

அதில் இறங்கினேன். குப்புராம் அண்ணனும் நானும் நாளிதழ் அடுக்குகளைத் தூசி பறக்கக் கலைத்தோம். இரண்டாம் நாள் கிடைத்தது. பழைய திட்டத்தில் தவறியவர்கள், தவறிய பாடத்தைத் தனியாக எழுத இன்னும் சில தடவை மட்டும் அனுமதி. அதற்குப் பிறகு புதுத் திட்டத்தில் எல்லாப் பாடமும் முதலிலிருந்து. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அந்த வாரமே முடிந்துவிடுவதாகப் போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

சார் படித்துவிட்டு, "இது ஒரு இடம். ரெண்டாவது?" என்றார்.

அவருடைய அந்த வழக்கத்தை நான் அதுவரை பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். குப்புராம் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தல்லாகுளம் போனார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "போர்டுல ஒட்டியிருக்கான் சார். தாமதக் கட்டணம் கட்டுனா அடுத்த வாரக் கடைசி வரைக்கும் வாங்குவானாம். பேப்பர்ல அதைப் போடல. விண்ணப்ப பாரம் அவங்க படிச்ச ஸ்கூல்லயே கிடைக்கும், கட்டுறது மட்டும் இங்கனதானாம்."

விடை தயார். ஆள்தான் இல்லை. வெள்ளி போனது, சனி போனது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஜன்னலைப் பார்த்தேன். தன்னுடைய கேள்விக்காக யாரும் அவ்வளவு காத்திருக்கமாட்டார்கள். குப்புராம் அண்ணன், "உனக்குத்தான் பரீட்சை போல" என்றார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வந்தார்கள். மறுபடியும் அவன் முன்னால், அவள் பின்னால்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்து வந்தார். "தம்பி, தோட்டமா வச்சிருக்கீங்க? என்ன போட்டிருக்கீங்க?" முருகேசன், கத்தரி என்றான். காய்ப்புழுவைப் பற்றி ஏதோ சொன்னான். சார் சும்மா நின்றார். அவன் இன்னும் சொன்னான். சொல்லிக்கொண்டே சாரோடு தமிழ் அலமாரி இருந்த கோடிக்கு நடந்துபோனான். அவனுக்கும் உண்மையாகவே ஒரு கேள்வி இருந்தது.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "இது யாருக்குங்க?" என்றேன். பிறகு நின்றேன்.

அவள் கோடியில் இருந்த முதுகைப் பார்த்தாள். "எனக்குத்தான்க்கா" என்றாள்.

கணக்கில் மட்டும் போய்விட்டது. கல்யாணம் பேசும்போது அவளுடைய அப்பா, பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் அதற்காகவே சந்தோஷப்பட்டார்கள். இப்போது ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் படித்த பெண் வேண்டும் என்று கேட்கிறார்கள். மாமனார் ஊரெல்லாம், என் மருமகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். சர்டிபிகேட்டை உங்க அப்பா வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வா என்கிறார். அவள் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறாள்.

"எத்தனை நாளைக்குக்கா தொலைஞ்சு போச்சு, தேடுறாங்கன்னே சொல்ல? எங்க மாமனாரு கோவக்காரரு இல்ல. அதான் பயமா இருக்கு. பேசாம இருந்துருவாரு. இப்ப எழுதுனா விடுவாங்களா? வயசாயிருச்சுன்னு சொல்லிருவாங்களா?"

சொன்னேன். எழுதலாம் என்பதை முதலில் சொன்னேன். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. தாளில் எழுதித் தரட்டுமா என்றதற்கு, "வேணாம்க்கா, துணி துவைக்கிறப்ப அத்தை மடியெல்லாம் உதறுவாங்க" என்றாள். அதனால் வாயாலேயே கொடுத்தேன். எங்கே பாரம், யார் கையெழுத்து, எங்கே கட்டுவது, என்றைக்குள். அவள் உதடு அசைத்துத் திருப்பிச் சொன்னாள். ஓரிடத்தில் தவறினாள், திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முருகேசன் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குச் சீட்டில் சார் தன் கையாலேயே எழுதினார்: 'கணிதப் பாடநூல், பழையது, கொடுக்கப்பட்டது.' அவ்வளவுதான். என் வேலைநாட்களில் ஆகச் சிறந்த விடை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்றைக்கும் யாராவது சேவையின் தரம், மதிப்பீடு என்று அறிக்கையை நீட்டினால், இதில் ஏறாமல் போனது என்னென்னவோ என்றுதான் எனக்கு ஓடும்.

அதற்குப் பிறகு செல்வராணி வரவில்லை. பரீட்சை முடிந்து, முடிவுகள் நாளிதழில் எண் எண்ணாக வெளியான அன்று முருகேசன் தனியாக வந்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரிசல்ட் பார்க்கணும் டீச்சர்" என்றான். பேப்பரை விரித்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் எழுதிவைத்திருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து விரலை ஓட்டினான். மதுரைப் பகுதி முழுக்கத் தேடினான். பக்கத்துப் பகுதியிலும் தேடினான். பிறகு என்னைத் தேடச் சொன்னான். நானும் பார்த்தேன். அந்த எண் இல்லை.

பேப்பரை மடித்து ஓரத்தை நீவினான். அப்புறம் நிமிர்ந்து, "மதினி அடுத்து எப்ப எழுதலாம்?" என்றான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பாரத்துல பிறந்த தேதி எழுதுறப்ப பார்த்தேன் டீச்சர். நான் என்ன முட்டாளா? கட்டுறதுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அண்ணனுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது. பால்வாடி கட்டடம் முடியப் போவுது. இன்னொரு தடவை எழுத விடுவாங்களா, மாட்டாங்களா? கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இருந்தா சொல்லுங்க, நான் எப்படியாவது கூட்டிட்டு வந்துருவேன்."

அந்த மேசைக்கு வந்த கேள்விகளிலேயே எந்தச் சுற்றுமில்லாமல் வந்தது அதுதான். இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டு இடத்தில் பார்த்துச் சொன்னேன். கணக்குக்குக் குப்புராம் அண்ணனின் தங்கை இருந்தாள், பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை மத்தியானம், எங்கள் நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் செல்வராணி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முருகேசன் கத்தரிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தமிழ் அலமாரிப் பக்கம் போய்விடுவான். தப்பாகப் போட்டால் அவள் தன் தலையிலேயே குட்டிக்கொள்வாள், சரியாக வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சனிக்கிழமைகளுக்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பரீட்சைக்கு முன்னாலேயே என்னைத் தேனிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புதுப் பரீட்சைக்குப் புது எண்; அது எனக்குத் தெரியாது. முடிவு வந்த அன்று அந்த ஊர் நூலகத்தில் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, எந்த எண் அவளுடையது என்று தெரியாமல் எல்லா எண்களையும் பார்த்தேன். குப்புராம் அண்ணனுக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். பரீட்சை எழுதினாள், அதற்குப் பிறகு இரண்டு பேரும் வரவில்லை என்று பதில் வந்தது. விடை கிடைத்தவரும் திரும்ப வருவதில்லை, கிடைக்காமல் மனம் விட்டவரும் வருவதில்லை. இதைப் பிரித்துச் சொல்லும் அளவுகோல் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. இப்போது சாரும் உயிரோடு இல்லை, அண்ணனும் இல்லை.

ஷர்மிளா கேட்டது இதைத்தான்: "அந்தம்மா பாஸ் ஆனாங்களா?"

தெரியாது என்றேன். ரெபரன்ஸ் மேசையில் அத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வரக் கூசியது. வெளியே போனவர் பின்னால் போகாதே என்ற சாரின் கட்டளையை இத்தனை காலம் மீறவில்லை. இப்போதும் மீறும் எண்ணமில்லை. அந்த வீட்டில் இன்றுகூட யாருக்கும் அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு கேள்வி இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் போகப்போகிறேன். இப்போது அங்கே தோட்டங்கள் இருக்காது, வீடுகளாக ஆகியிருக்கும். ஏதாவது ஒரு பழைய மளிகைக் கடையாகப் பார்த்து, நிதானமாக, "பால்வாடி டீச்சரா இருந்தாங்களே, செல்வராணி டீச்சர், அவங்க வீடு எது?" என்று அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்பேன். அப்படி ஒருவர் இல்லை என்றால் வேறு ஊர் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். யாராவது கையை நீட்டி, அந்தத் தெருவில் மூன்றாவது வீடு என்று காட்டினால் போதும். வீடுவரை போகமாட்டேன்.